கறுப்பனின் கம்பளி

நான் இரண்டாந்தாரம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது வந்து உங்கள் காதில் போட்டுவிடுவார்கள். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் நான் காலடி வைத்த அன்று, தலைச்சுமையை இறக்குவதற்குள் மூன்று பேர் தனித்தனியாக வந்து அந்தச் செய்தியை எனக்கே சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு முதல் மனைவி இருந்ததும், அவள் காய்ச்சலில் போய்ச்சேர்ந்ததும், மூன்று வருஷமாக அவர் தனியாகப் பொங்கித் தின்றதும் கல்யாணப் பெண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தது.

என்னிடமும் ஒரு நாய் இருந்தது. நான் கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு சித்தப்பா வீட்டில் வளர்ந்தேன். அங்கே எனக்கென்று இருந்தது அந்தச் செவலை நாய் மட்டும்தான். கண் திறக்காத குட்டியாகத் தேயிலைச் செடிக்கடியில் கிடந்ததை மடியில் கட்டிக்கொண்டு வந்து வளர்த்தேன். அதை விட்டுவிட்டுத் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்னேன். மாப்பிள்ளை தலையை மட்டும் ஆட்டினார். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான் பேசுவார், அதிலும் நான்கு, வேலை வாங்கும் கங்காணிக்குச் சொல்லும் ‘ஆமாங்க’ என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் காலத்தில் ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்தது. அப்புத்தளைக்கு ஏறிப்போய் ரயிலைப் பிடித்தால் பாதி நடை மிச்சம். அப்படித்தான் ஏற்பாடும் செய்திருந்தார்கள். ரயிலில் நாயை ஏற்றவிட மாட்டார்கள் என்று கூட்டத்தில் யாரோ ஒருவர் சொன்னார். அது உண்மையா என்று ஸ்டேஷனில் ஒருவரும் கேட்கவில்லை. “அப்ப நான் நடந்தே வர்றேன், நீங்க எல்லாம் ரயில்ல போங்க” என்றேன். புது மாப்பிள்ளை என்ன செய்வார், பாவம். அவரும் ரயிலை விட்டுவிட்டு என்னோடு நடந்தார். இரண்டு நாள் நடை. கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் நாய்க் கயிறு. வழியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் நின்று பார்த்துச் சிரித்தார்கள். “சீதனமா மாப்புள?” என்று ஒருத்தி மலையிலிருந்தே கத்தினாள். அவர் அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா. ஒரே அறை, ஒரு மூலையில் அடுப்பு, முன்னால் இரண்டு பேர் உட்காரக்கூடிய இஸ்தோப்புத் திண்ணை. அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய கம்பளி மடித்துப் போட்டிருந்தது. மழையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் தலையில் போட்டுக்கொள்வார்களே, அந்த முரட்டுக் கம்பளி. அதன்மேல் ஒரு கறுத்த ஆண் நாய் படுத்திருந்தது. ஒரு காது பாதி இல்லை. நான் குத்துவிளக்கைப் பார்ப்பதா கும்பிடுவதா என்று முழித்துக்கொண்டிருக்கும்போதே அது எழுந்து நின்று பல்லைக் காட்டியது. என் செவலை சும்மா இருக்குமா? கொஸ்லந்தக்காரி. அதுவும் காட்டியது. என் கிருகப்பிரவேசம் நாய்ச்சண்டையோடுதான் நடந்தது.

இரண்டுக்கும் பெயர் என்று ஒன்றும் வைக்கவில்லை. கறுப்பன், செவலை. அவ்வளவுதான்.

கறுப்பனுக்கு அந்தக் கம்பளிதான் உலகம். அது யாருடைய கம்பளி என்று யாரும் சொல்லத் தேவையில்லை. முதல் மனைவி காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் அதைப் போர்த்தித்தான் கிடந்தாளாம். அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நாய் அதன்மேல் ஏறிப் படுத்ததாம், அன்றிலிருந்து இறங்கவில்லையாம். இதெல்லாம் பக்கத்துக் காம்பரா அக்கா சொன்னது. என் வீட்டுக்காரர் அவளைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கம்பளியைப்பற்றியும் பேசியதில்லை. கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டுவார். அடுப்புச் சாம்பலை அள்ளும்போது அதைச் சுற்றி நடப்பார். ஒரே அறையில் ஒரு மூலை எனக்கு இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன? செத்துப்போனவளிடமும் நாயிடமும் ஒரே நேரத்தில் பொறாமைப்பட்ட பெண் ஊவா மலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கம்பளி மட்டும் என்றால் போகட்டும். கறுப்பன் தின்னும் சிரட்டைப் பக்கம் யாரும் போகக் கூடாது. அடுப்படியில் விழுந்த பருக்கை அவனுடையது. வாசற்படியும் அவனுடையது. செவலை உள்ளே வர வேண்டுமானால் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் வர வேண்டும். வந்ததும் உறுமல், பாய்ச்சல், சட்டி உருளும் சத்தம். இரண்டு பக்கத்துக் காம்பராக்காரர்களும் சுவரைத் தட்டுவார்கள்.

எனக்கு அப்போது வயதும் குறைவு, கோபமும் அதிகம். இந்த வீட்டில் யார் பெரியவர் என்று அவனுக்குக் காட்டிவிடுவது என்று இறங்கினேன். அதற்கு எங்கள் கங்காணியும் ஒரு யோசனை சொன்னார். “தின்னுக்கிட்டு இருக்கிறப்ப சிரட்டைய எடு. உறுமினா தலையில ஒண்ணு போடு. ரெண்டு நாள்ல அடங்கிரும்.” அவர் ஆட்களை அடக்கும் முறையும் அதுதான். நானும் விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் பாதி தின்றிருக்கும்போது சிரட்டையை இழுத்தேன், உறுமினான், போட்டேன். இரண்டு நாளில் அடங்கவில்லை. முதலில் சிரட்டையைத் தொட்டால்தான் உறுமினான். பிறகு நான் குனிந்தாலே உறுமினான். இரண்டாம் வாரத்தில் நான் வாசற்படியில் காலை வைத்தாலே அவன் தொண்டைக்குள் இரைச்சல் கேட்டது. தின்பதும் அவசரம் அவசரமாக, விக்கி விக்கி.

அப்போதுதான் பக்கத்துக் காம்பரா அக்கா ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தாள். “ஏ தங்கச்சி, ஒனக்கும் ஒன் வீட்டுக்காரருக்கும் எப்படி ஒட்டுச்சு? கல்யாணத்தன்னிக்கு ஒரே எலையில சாப்பிட்டீங்கல்ல? பாலும் பழமும் ஒருத்தர் எச்சிய ஒருத்தர் தின்னீங்கல்ல? அதுங்களுக்கு யாரு அப்படிச் செஞ்சு வச்சா? ஒரே எலையில போடு. ஒட்டிக்கும்.”

இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது எனக்கு அதைவிட நியாயமாக எதுவும் படவில்லை. எனக்கு மட்டுமா? லயம் முழுக்க அப்படித்தான் பட்டது. ஒரே இலையில் கை வைத்தால் சொந்தம் வந்துவிடும் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகமே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலை இல்லாத நேரம், லயத்து வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தப்பு மேளத்தைக்கூடக் கொண்டுவந்து விட்டார். வாழையிலை விரித்தோம். சோறு, அதன்மேல் ஆட்டெலும்பு, ஓரத்தில் முறைப்படி ஒரு வாழைப்பழம். அக்கா இரண்டு நாய்க்கும் நெற்றியில் மஞ்சள் தடவினாள். செவலைக்கு என்னைவிட அது பொருத்தமாகவே இருந்தது. கறுப்பனை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார், செவலையை நான் பிடித்துக்கொண்டேன். தப்பு ஒரு தட்டுத் தட்டியது. இரண்டையும் விட்டோம்.

இலையில் வாய் வைத்தது யார் முதலில் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த நொடி சோறு ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம். கறுப்பும் சிவப்புமாக ஒரு உருண்டை வாசலில் சுழன்றது. ஆட்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்பில் ஏறினார்கள். தப்புக்காரர் தப்பைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடினார். என் வீட்டுக்காரர் மட்டும் நடுவில் கையை விட்டார். பிரித்தெடுத்தபோது அவருடைய வலதுகைக் கட்டைவிரலிலிருந்து ரத்தம் கொட்டியது. வாழைப்பழம் மட்டும் இலை ஓரத்தில் அப்படியே முழுசாக இருந்தது.

“எது கடிச்சிச்சு?” என்று எல்லோரும் கேட்டார்கள்.

“தெரியல” என்றார் அவர்.

வேறு எது கடிக்கும்? கறுப்பன்தான் என்று லயமே முடிவு கட்டியது. நான் எல்லோருக்கும் முன்னால் முடிவு கட்டினேன்.

அவர் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிவிடும் வேலை. கட்டைவிரல் இல்லாமல் கத்தி பிடிக்க முடியாது. மறுநாள் விடிகாலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடத்தில், கட்டுப்போட்ட கையோடு நின்றவரைப் பார்த்ததும் கங்காணிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“கடிக்கிற நாய் லயத்துல இருந்தா சுடணும்னு பெரிய தொரை உத்தரவு. தெரியுமா, தெரியாதா?”

“தெரியுங்க.”

“அடுத்த மாசம் தொரை லயம் பார்க்க வர்றாரு. ரெண்டு நாயும் அடிச்சுக்கிட்டுக் கெடந்தா எந்த நாய்னு அவரு விசாரிச்சுக்கிட்டு இருக்க மாட்டாரு. ரெண்டையும் சுடச் சொல்லுவாரு. ஒண்ண இப்பவே நீயே அனுப்பிரு.”

“ஒரு மாசம் பொறுங்க” என்றார் என் வீட்டுக்காரர். அவரிடமிருந்து கங்காணி அதற்குமுன் ‘ஆமாங்க’ தவிர எதுவும் கேட்டதில்லை. அந்த ஆச்சரியத்திலேயே சரி என்று சொல்லிவிட்டாராம்.

வெறி இருக்கிறதா என்று பார்க்க இரண்டையும் பத்து நாள் தனித்தனியாகக் கட்டிப்போட்டோம். வெறியில்லை. தண்ணீர் குடித்தன, சோறு தின்றன, கயிற்றின் எல்லையில் நின்று ஒன்றையொன்று திட்டின. அந்தப் பத்து நாளும் நான் என் வீட்டுக்காரரை விடவில்லை. “கடிச்சது உங்க நாயி. அத அனுப்புங்க. என் செவலை என்ன பாவம் பண்ணுச்சு?” என்று காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. அவர் கட்டு அவிழ்த்து மருந்து வைத்துக்கொள்வார். ஒரு நாள் மட்டும், “அதுக்கும் போறதுக்கு வேற எடம் இல்ல புள்ள” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாயை மூடவில்லை. அந்த வயதில் எனக்கு வாயை மூடத் தெரியாது.

கயிறு அவிழ்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கருவாடு சுத்தம் செய்துகொண்டிருந்தேன். சண்டை வேண்டாமென்று செவலையை மட்டும் வெளியில் கட்டியிருந்தேன். கறுப்பன் கம்பளியில். ஒரு கருவாட்டுத் தலை என் கையிலிருந்து வழுக்கி உருண்டு கம்பளிக்கு ஒரு முழத்தில் போய் நின்றது. எடுக்கக் கையை நீட்டினேன், உறுமினான். போய்த் தொலை என்று விட்டுவிட்டேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே அதை இழுத்துத் தின்றான். தின்றுவிட்டு என் கையைப் பார்த்தான். சும்மா இருக்க முடியாமல் இன்னொரு தலையைத் தூக்கிப் போட்டேன். அதற்கும் உறுமினான், ஆனால் கொஞ்சம் தாமதமாக. மூன்றாவதற்கு உறுமலா முனகலா என்று தெரியாத ஒரு சத்தம். நான்காவது தலையை எடுக்க என் கை அசைந்தபோது அவன் உறுமவில்லை. வாலின் நுனி மட்டும் ஒரு தடவை தரையைத் தட்டியது.

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. இத்தனை நாளும் அந்த நாயின் பக்கம் போன கைகள் எல்லாம் எதையாவது எடுக்கப் போன கைகள்தான். செத்தவளை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் சிரட்டையை எடுத்தேன். கம்பளியை எப்போது எடுக்கலாம் என்று நேரம் பார்த்துக்கொண்டும் இருந்தேன். அவன் உறுமாமல் வேறு என்ன செய்வான்?

மறுநாளிலிருந்து நான் விளக்குமாற்றை அது இருக்க வேண்டிய மூலையில் வைத்துவிட்டேன். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்ததும் மடியில் நகமளவு கருவாட்டுத் துண்டுகள். கறுப்பன் தின்றுகொண்டிருக்கும்போது மூன்று எட்டுத் தள்ளி நடந்துபோவேன், ஒரு துண்டைப் போடுவேன், நிற்காமல் போய்விடுவேன். எதையும் எடுக்க மாட்டேன். ஒரு வாரத்தில் மூன்று எட்டு இரண்டாயிற்று. அவன் விக்கித் தின்பது நின்றது. நான் வரும் சத்தம் கேட்டால் சிரட்டையிலிருந்து தலையைத் தூக்கி, இன்றைக்கு என்ன என்பதுபோலப் பார்ப்பான்.

செவலை விஷயம்தான் சிக்கல். இனி ஒரே இலைப் பேச்சே கிடையாது என்று இரண்டு சிரட்டை வைத்தேன். ஒன்று உள்ளே, ஒன்று இஸ்தோப்பில், நடுவில் வாசலுக்குச் சாக்கு கட்டித் தொங்கவிட்டேன். எலும்பு ஒன்றுகூடத் தரையில் கிடக்க விடவில்லை. இருவரும் தின்று முடித்த பிறகு சாக்கைத் தூக்கி, செவலையைக் கயிற்றோடு வாசற்படியில் நிறுத்துவேன். அது கண்ணில் பட்ட உடனே கறுப்பனுக்குக் கருவாடு விழும். அதை வெளியே கூட்டிப்போனதும் கருவாடும் நின்றுபோகும். செவலை வந்தால் நல்லது வரும், போனால் போய்விடும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். நான்காம் நாள் அவன் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். என்ன காவலா என்று பார்த்தேன். இல்லை, செவலை எப்போது வரும் என்று காத்திருந்தான்.

இதற்கிடையில் நான் இன்னொன்றையும் கண்டேன், அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. என் செவலை பெரிய திருடி. தன் சிரட்டையை ஒரே மூச்சில் காலி பண்ணிவிட்டுச் சாக்குக்கு அடியில் மூக்கை நுழைத்து அவன் சிரட்டைக்குப் பாயப் பார்க்கும். சண்டையில் பாதி அவன் ஆரம்பித்ததில்லை. என் கண்ணுக்கு மட்டும் அது தெரியாமல் இருந்திருக்கிறது, என் பக்கத்துச் சொந்தமல்லவா. அதற்குத் தனியாக ஒரு சாக்கு விரித்து, அதில் உட்கார்ந்து ‘இரு’ என்றால் இருக்கவும், ‘வா’ என்றால் வரவும் பழக்கினேன். கருவாடு கொடுத்தால் செவலை பரீட்சைகூட எழுதும்.

பதுளைக் கடைவீதியில் கருவாடு விற்கும் முஸ்லிம் நானா ஒருவர் என் வீட்டுக்காரரிடம், “என்ன தம்பி, ஊட்டுல அடிக்கடி விருந்தா? கருவாடு இப்பிடிப் போகுது?” என்று கேட்டாராம். இவர், “நாய்க்குங்க” என்றாராம். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டாராம்.

இரண்டாவது வாரம் எல்லாம் பாழாகப் பார்த்தது. நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். என் வீட்டுக்காரர் இரண்டும் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனமிரங்கி, ஒரு முழு ரொட்டியை இரண்டுக்கும் நடுவில் போட்டுப் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்று பார்த்திருக்கிறார். நான் குடத்தோடு திரும்பியபோது ரொட்டி இல்லை, இரண்டும் ஆளுக்கொரு மூலையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன, இவர் பெட்டிமேல் ஏறி நின்றார்.

“ரெண்டு வாரத்து வேலை! ஒரு ரொட்டியில கெடுத்துட்டீங்களே!”

“நல்லாத்தான இருந்துச்சுங்க...”

கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கங்காணிக்குச் சொல்லும் மரியாதையை எனக்கும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவரையும் பழக்கினேன். துண்டை எப்போது போட வேண்டும், எவ்வளவு தூரத்தில் போட வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று. மூன்று பேரில் அவர்தான் மெதுவாகக் கற்றுக்கொண்டார் என்று நான் லயத்தில் சொன்னதை அவர் ஒரு நாளும் மறுக்கவில்லை.

தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை லயம் பார்க்க வந்த அன்று மழை. குதிரையை ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பின்னால் குடை பிடித்துக்கொண்டு கங்காணி. முன்னால் தொரையின் பங்களா நாய், வெள்ளை உடம்பில் தவிட்டு நிறத் திட்டு, நீளக் காது, நனைந்து சொட்டச் சொட்ட. அந்த நாயும் வரும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. சாணம் மெழுகினோம், சட்டி கழுவினோம், செவலையை அதன் சாக்கில் உட்காரவைத்தோம், கறுப்பனைக் கம்பளியில் விட்டோம், மடியில் கருவாடு கட்டிக்கொண்டேன். மூன்றாவது நாய்க்கு எந்த ஏற்பாடும் இல்லை.

அது எங்கள் வாசலில் நின்று மோந்தது. அடுப்புச் சூடு பிடித்துவிட்டது போலிருக்கிறது. ஒரே ஓட்டமாக உள்ளே போய்க் கம்பளிமேல் ஏறியது.

கறுப்பன் எழுந்து நின்றான். கழுத்து மயிர் எல்லாம் நின்றது. தொரை நாயின் மேல் ஒரு பல் பட்டால் போதும், கறுப்பன் அந்த நிமிஷமே போய்விடுவான், செவலையும் கூடவே போகும். பிடிக்க ஓடினால் கெட்டது. கம்பளிப் பக்கம் கை நீட்டினால் அதைவிடக் கெட்டது. இருந்த இடத்திலேயே நின்று, தினமும் கூப்பிடும் குரலில், “வா” என்றேன்.

கறுப்பன் கம்பளியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு இறங்கி வந்தான். மூன்று வருஷமும் சில மாதங்களும் காத்ததை விட்டுவிட்டு நடந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தான். செவலை தன் சாக்கைவிட்டு அசையவில்லை. மடியிலிருந்ததை எல்லாம் அவன் வாயில் கொட்டினேன்.

இப்போது கம்பளியில் இருந்தது பங்களா நாய். “கம் அவுட்!” என்று தொரை அதட்டினார். நாய் உறுமியது. தொரை குனிந்து அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். அது அவர் கைப்பக்கம் ஒரு கடி கடித்தது. கையில் படவில்லை, கோட்டு நுனியில் பட்டது. தொரை முகம் சிவந்துபோயிற்று. கங்காணி தன் சொந்த நாயே கடித்துவிட்டதுபோலக் குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். லயம் முழுக்க எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர்தான் முன்னால் வந்தார். தன் மடியிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்தார். அவரும் கட்டிவைத்திருந்தார் என்று எனக்கே தெரியாது. நான் சொல்லிக்கொடுத்தபடி மூன்று எட்டுத் தள்ளி நின்று ஒன்றைப் போட்டார். பிறகு கொஞ்சம் பின்னால் நகர்ந்து வாசல் பக்கம் ஒன்று. இன்னும் பின்னால் ஒன்று. பங்களா நாய் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே தானாக வெளியே வந்து மழையில் நின்றது.

“என்ன போட்டாய்?” என்று கேட்டார் தொரை.

“கருவாடுங்க தொரை.”

தொரை எங்கள் இரண்டு நாயையும் மாறிமாறிப் பார்த்தார். ஒன்று சாக்கில், ஒன்று என் காலடியில், இரண்டும் வாய் திறக்கவில்லை. தன்னுடைய நாயையும் பார்த்தார். “நல்ல நாய்” என்று சொல்லிவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போனார். எந்த நாயைச் சொன்னார் என்று கங்காணி கேட்கத் துணியவில்லை. தொரைக்குப் பின்னால் போகும்போது எங்களிடம் மட்டும் மெதுவாக, “ரெண்டும் இருக்கட்டும்” என்றார்.

அன்று சாயந்திரம் அடுப்பு மூட்டும்போது கம்பளி ஈரமாகச் சுருண்டு கிடந்தது, பங்களா நாயின் மயிர் ஒட்டிக்கொண்டு. கறுப்பன் அதை மோந்துவிட்டு ஏறாமல் நின்றான். நான் யோசிக்கவே இல்லை, குனிந்து அதைத் தூக்கி வாசலில் ஒரு உதறு உதறி, அடுப்புச் சூட்டில் காட்டினேன். பாதிக் காட்டலில்தான் என் கையில் இருப்பது என்ன என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். கறுப்பன் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தான், வால் தரையைத் தட்டியது. நான் அதை அதே இடத்தில் விரித்தேன். அவன் ஏறிச் சுற்றிப் படுத்தான்.

என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்று மனசு நிறைந்து கிடந்தது, பெருந்தன்மை வந்துவிட்டது. “போகட்டும், உங்க விரலக் கடிச்சதுக்கு நான் கறுப்பன மன்னிச்சுட்டேன்” என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “கறுப்பன் கடிக்கல புள்ள” என்றார்.

“பின்ன?”

“செவலை.”

“தெரியலன்னு சொன்னீங்களே? அத்தன பேரும் கறுப்பனத்தான சொன்னாங்க. நானும் தெனம் ரெண்டு வேளை சொன்னேனே. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கறுப்பன் மேல பழி வந்திருக்காதுல்ல?”

“சொல்லியிருந்தா செவலைய சுட்டுருப்பாங்க” என்றார். பிறகு, அவ்வளவு நீளமாகப் பேசிப் பழக்கமில்லாததால் கொஞ்சம் நிறுத்தி, “ரெண்டு நாள் நடந்து கூட்டிக்கிட்டு வந்தீல்ல” என்றார்.

செத்தவள் விட்டுப்போன நாயை, ஒரு மாதம் முழுக்க, எனக்காகப் பழிக்கு நிறுத்தி வைத்திருந்திருக்கிறார். அதில் பத்து நாள் நான் அவரைத் தினம் இரண்டு வேளை திட்டியிருக்கிறேன். எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்ல முடியாது, சந்தோஷத்தையும் சொல்ல முடியாது. எழுந்துபோய்ச் சட்டியில் மிஞ்சியிருந்த கருவாட்டுத் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.